இடிக்க வேண்டாம், சுண்ணாம்பு போதும்... மலைவீட்டுக் கணப்புக்குப் புதுமுகம்!

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் பழைய பங்களா வாங்கினால், ஹாலில் ஒரு கணப்பும் கூடவே வந்துவிடும். ஜான் சல்லிவன் 1820-களில் ஊட்டியில் வீடு கட்டத் தொடங்கிய காலத்திலிருந்து வரும் பழக்கம் இது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், ஜனவரி உறைபனியில் அது அலங்காரம் அல்ல, அவசியம். இன்றோ கரி படிந்த வாய், ஆயில் பெயின்ட் பூசிய செங்கல் எனப் பரிதாபமாக நிற்கிறது. ``இடிச்சுடலாமா?'' என்பதுதான் பலரின் முதல் கேள்வி.

அவசரம் வேண்டாம். கூரைக்கு மேலே தெரியும் புகைபோக்கியின் எடை முழுவதையும் தாங்குவது இந்தக் கணப்புச் சுவர்தான். இன்ஜினீயரிடம் காட்டாமல் கீழே கைவைத்தால், மேலே இருப்பது இறங்கிவிடும்.

இடிக்காமலே அழகாக்கலாம். முதலில் காய்ந்த பிரஷ்ஷால் கரியைத் தட்டி, பிறகு சோப்புத் தண்ணீரில் தேய்க்க வேண்டும். ஆசிட் ஊற்றினால் சீக்கிரம் வெளுக்கும்தான். ஆனால், செங்கற்களுக்கு இடையே இருக்கும் சுண்ணாம்புக் காரையையும் அது அரித்துவிடும். அந்தக் காரை உதிர்ந்த இடத்தில் கொத்தனார் சிமென்ட் கலவையோடு வந்தால், தடுத்து நிறுத்துங்கள். மலையில் மழை மாதங்களில் சுவர் ஈரம் குடிக்கும். சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் உள்ளேயே பூட்டிவைக்கும். கொஞ்ச வருடங்களில் செங்கல் பொடிப்பொடியாக உதிரும். பூச்சுக்கும் சுண்ணாம்பே நல்லது. இரண்டு, மூன்று கோட் அடித்தாலே இருண்ட ஹால் பளிச்சென்று ஆகிவிடும். செலவும் குறைவு.

நெருப்பு எரியும் உட்பகுதிக்குச் சாதாரண பெயின்ட் கூடவே கூடாது. வெப்பம் தாங்கும் பெயின்ட்தான் சரி. இனி எரிக்கப்போவதே இல்லை என்றால், முன்பக்கத் தரையில் ஆத்தங்குடி டைல்ஸ்கூடப் பதிக்கலாம். செட்டிநாடு மலையேறினால் அழகாகத்தான் இருக்கும்!

மேலே இருக்கும் மரப்பலகையில் பல அடுக்கு பெயின்ட்டுக்கு அடியில் தேக்கு ஒளிந்திருக்கலாம். ஆனால், பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. வீட்டு பெயின்ட்டில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். எனவே, உப்புத்தாளால் காயக் காயத் தேய்க்காமல், நனைத்துச் சுரண்ட வேண்டும். வேலை முடியும்வரை குழந்தைகள் அந்த அறைப்பக்கமே வரக் கூடாது.

மீண்டும் எரிக்கும் ஆசை இருந்தால், பெயின்ட்டுக்கு முன்பே புகைபோக்கியைப் பாருங்கள். பறவைக்கூடோ, சருகோ அடைத்திருந்தால், புகையோடு கார்பன் மோனாக்சைடும் அறைக்குள் திரும்பும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். அடைபட்ட கணப்புக்குள் `சும்மா குளிருக்கு' என்று கரித்தட்டு வைப்பதும் இதே ஆபத்துதான்.

எரிக்கப்போவதில்லையா? புகைபோக்கியின் தலையில் மழைக்கு ஒரு மூடி போடுங்கள், காற்றுக்கு மட்டும் சின்ன இடைவெளி விட்டு. இல்லையென்றால், முதல் பெருமழையிலேயே பழைய கரி கரைந்து வழிந்து, புதுச் சுண்ணாம்பில் கோடு போட்டுவிடும்.