வெளித்திரையில் மடிக்கணினிக் காட்சி தோன்றாமை

மடிக்கணினியை வெளித்திரையுடன் இணைத்தும் படம் வராவிட்டால், பழுது பெரும்பாலும் கணினிக்குள் இருப்பதில்லை. கடைக்குக் கொண்டுபோய்ப் பணம் செலவழிக்கும் முன், திரையில் சரியான உள்ளீடு தேர்வாகியுள்ளதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் விசையுடன் பி விசையை அழுத்தினால் வரும் பட்டியலில் கணினித் திரை மட்டும் தேர்வாகியிருந்தாலும் வெளித்திரை இருண்டே கிடக்கும்.

அதிகம் ஏமாற்றுவது யூஎஸ்பி-சி. 2014இல் வெளியான இந்த வகை போர்ட்டுகள் எல்லாம் ஒரே வடிவம். ஆனால் டிஸ்பிளேபோர்ட் மாற்று முறையோ தண்டர்போல்ட்டோ உள்ளவைதாம் படத்தை நேரடியாக அனுப்பும். கேபிளும் அப்படித்தான். கைப்பேசி மின்னேற்றத்துக்கான யூஎஸ்பி 2.0 வகைக் கேபிளில் காட்சிக்கு வேண்டிய கம்பிகளே இருப்பதில்லை. டிஸ்பிளேபோர்ட்-எச்டிஎம்ஐ கேபிள் பொதுவாக ஒருவழிப் பாதை. எச்டிஎம்ஐ முனையைக் கணினியில் செருகினால், எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் பயனில்லை.

வேறு கேபிளிலும் வேறு திரையிலும் படம் வராதபோதுதான் காட்சி இயக்கி மென்பொருளையோ போர்ட்டையோ ஐயப்பட வேண்டும்.