பூங்காவில் பாட ஏன் அனுமதி?

கடந்த வாரம் யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் சிறிய திரையிடல் ஒன்று நடந்தது. இருபது பேர் வரையில் வந்திருந்தோம். காட்டப்பட்ட இரண்டு ஆவணப்படங்களும் நியூயோர்க் நகரின் கிரீன்விச் வில்லேஜ் என்ற குடியிருப்புப் பகுதியில் உருவான நாட்டார் இசைச் சூழலைப் பற்றியவை. ஒன்று, டான் டிராசின் 1961இல் எடுத்த ‘சண்டே’ என்ற பதினேழு நிமிடக் கறுப்பு வெள்ளைப் படம். மற்றது, லோரா ஆர்ச்சிபோல்ட் 2012இல் இயக்கிய, அந்தப் பகுதியின் பெயரையே தலைப்பில் கொண்ட முழுநீளப் படம்.

படங்கள் முடிந்ததும் எழுந்த முதல் கேள்வி பொப் டிலானைப் பற்றியதாக இருக்கவில்லை. “பூங்காவில் பாட ஏன் அனுமதி எடுக்க வேண்டும்?” என்று ஒரு மாணவி கேட்டாள். நினைவேந்தல்களுக்கு நீதிமன்றத் தடையுத்தரவு பெறப்படுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கேள்விதான் முதலில் வரும். அதற்கான பதிலில்தான் இந்தப் படங்களின் சாரமும் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் கிரீன்விச் வில்லேஜில் வீட்டு வாடகை குறைவாக இருந்தது. இத்தாலியக் குடும்பங்களோடு மாணவர்களும் ஓவியர்களும் எழுத்தாளர்களும் பாடகர்களும் அங்கே வாழ்ந்தார்கள். மக்டூகல் வீதியிலும் பிளீக்கர் வீதியிலும் இருந்த கோப்பிக் கடைகள் பலவற்றில் பாடகர்களுக்குச் சம்பளம் கிடையாது. கூடை ஒன்று சுற்றிவரும், விழுந்த சில்லறைதான் கூலி. நிலத்தடியில் இயங்கிய காஸ்லைட் என்ற கடையில் கைதட்டினால் மேல்மாடிக் குடித்தனக்காரர்களின் தூக்கம் கெடும் என்பதால், கேட்பவர்கள் விரல்களைச் சொடுக்கிப் பாராட்டினார்கள். இசி யங் என்பவர் 1957இல் திறந்த சிறிய கடையில் நாட்டார் பாடல் புத்தகங்களும் இசைத்தட்டுகளும் விற்பனைக்கு இருந்தன. நாளடைவில் அது பாடகர்கள் சந்திக்கும் இடமாகியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்கள் எல்லோரும் வொஷிங்டன் சதுக்கப் பூங்காவின் நீரூற்றடியில் கூடினார்கள். 1940களின் நடுப்பகுதியிலிருந்து இருந்துவந்த வழக்கம் அது. கிற்றாரும் பன்ஜோவும் கொண்டு வந்தவர் எவரும் பாடலாம். பூங்காத் திணைக்களத்திடம் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும் என்ற விதி இருந்தது. ஆண்டுக்கணக்காக அது கேட்டவுடன் கிடைத்தும் வந்தது.

1961 வசந்த காலத்தில் பூங்கா ஆணையாளர் நியூபோல்ட் மொரிஸ் அந்த அனுமதியை மறுத்தார். சத்தம், கூட்டம், அயலவரின் முறைப்பாடு என்பன வெளியில் சொல்லப்பட்டவை. கறுப்பின இளைஞர்களும் வெள்ளையின இளைஞர்களும் ஒன்றாக உட்கார்ந்திருப்பது சிலருக்குப் பிடிக்கவில்லை என்பதும் அப்போதே பேசப்பட்டது.

ஏப்ரல் 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, சில நூறு பேர் தடையை மீறிப் பூங்காவுக்குச் சென்றார்கள். ‘சண்டே’ அந்த ஒரு நாளின் பதிவுதான். இசி யங் பொலிஸாரோடு நிதானமாக வாதாடுகிறார். இளைஞர்கள் அமெரிக்கத் தேசிய கீதத்தைப் பாடுகிறார்கள். அதைப் பாடுபவர்களைப் பொலிஸார் அடிக்கமாட்டார்கள் என்று நம்பியிருந்தார்கள். பிறகு தள்ளுமுள்ளு, பொலிஸ் வாகனம், கைதுகள். பத்துப் பேர் வரை கைதாகினர். போராட்டம் தொடர்ந்தது. பூங்காவின் எதிரே இருந்த ஜட்சன் தேவாலயம் பாடகர்களின் பக்கம் நின்றது. மே மாதத்தில் மேயர் ராபர்ட் வாக்னர் ஞாயிறு பிற்பகல்களில் பாடுவதற்கு மீண்டும் அனுமதி வழங்கினார்.

அந்த அனுமதியை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் மாணவியின் கேள்விக்கான பதில். அது சும்மா கிடைக்கும் காலத்தில் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. மறுக்கப்படும் நாளில்தான், பொது இடம் என்பது எவ்வளவு தூரம் பொதுவானது என்று தெரியவருகிறது.

அந்தக் காலத்தில் பாட்டுப் பாடுவது ஆபத்தற்ற வேலையாகவும் இருக்கவில்லை. தன் அரசியல் தொடர்புகள் பற்றிய கேள்விகளுக்கு 1955இல் நாடாளுமன்றக் குழுவொன்றின் முன் பதில் சொல்ல மறுத்த பீற் சீகர், 1961 மார்ச்சில் குற்றவாளியாகக் காணப்பட்டார். அடுத்த ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை இரத்துச் செய்தது. ஆனாலும் தொலைக்காட்சியின் கதவுகள் அவருக்குப் பல ஆண்டுகள் மூடியே இருந்தன.

ஆர்ச்சிபோல்டின் படம் இந்தத் தலைமுறையின் நினைவுகளைத் தொகுக்கிறது. டிலானின் காதலியாகவே பலர் அறிந்திருந்த சூஸ் ரொட்டோலோ எழுதிய நினைவுநூலின் பகுதிகள் படம் முழுக்க வாசிக்கப்படுகின்றன. இன சமத்துவத்துக்கான ‘கோர்’ அமைப்பில் வேலை செய்த பெண் அவர். அவருடைய குரல் வழியாகக் கதை போவது படத்தின் பலம்.

குறை ஒன்றும் உண்டு. பேசுபவர்களில் பெரும்பாலானோர் பின்னாளில் புகழ்பெற்றவர்கள். அதனால் பாட்டுகள் அந்தக் கோப்பிக் கடைகளில்தான் பிறந்தன என்ற எண்ணம் பார்ப்பவருக்கு வந்துவிடலாம். ‘வீ ஷல் ஓவர்கம்’ வந்த வழியைப் பாருங்கள். கறுப்பினத் தேவாலயப் பாடல் மரபில் வேர்கொண்ட அது, 1945–46இல் தென் கரோலினாவில் வேலைநிறுத்தம் செய்த புகையிலைத் தொழிலாளர்களின் வாயில் போராட்டப் பாடலாகியது. அவர்களிடமிருந்து டென்னசியின் ஹைலேண்டர் பயிற்சிப் பள்ளிக்கு வந்து, அங்கே அதைக் கற்றுக்கொண்ட சீகர் போன்றவர்கள் வழியாகப் பரவியது. 1963 ஓகஸ்ட் 28இல் வொஷிங்டன் பேரணியில் ஜோன் பயஸ் அதைப் பாடியபோது, அந்தப் பாடலை முதலில் தூக்கிப்பிடித்த பெண் தொழிலாளர்களின் பெயர்கள் பலருக்குத் தெரியாது.

பாட்டு மட்டும் சட்டத்தை மாற்றவில்லை. 1964 சிவில் உரிமைகள் சட்டத்துக்கும் 1965 வாக்குரிமைச் சட்டத்துக்கும் பின்னால் சிறைகளும் கொலைகளும் இருக்கின்றன. 1964 யூனில், கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவதற்கு உதவிய மூன்று இளைஞர்கள் மிசிசிப்பியில் கொல்லப்பட்டார்கள். அவர்களில் இருவர் நியூயோர்க்கிலிருந்து போனவர்கள். பாட்டு செய்தது வேறு வேலை. பயந்திருந்தவர்களை ஓரிடத்தில் கூட்டியது, கூடியவர்களைக் கலையாமல் வைத்திருந்தது.

எங்கள் இழப்புகளை நியூயோர்க்கின் ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு ஒப்பிட முடியாது. ஆனால் அந்த ஞாயிறு இன்றைக்கும் எங்கள் கண்முன் தெரிவதற்குக் காரணம், ஓர் இளைஞர் அன்றைக்குக் கமெராவோடு அங்கே நின்றதுதான். திரையிடல் முடிந்து கலையும்போது பேச்சு எங்கள் பக்கம் திரும்பியது. இடப்பெயர்வுகளில் தொலைந்துபோன ஒலிநாடாக்கள், வயதாகிவிட்ட அண்ணாவிமார், ஊரோடு போய்விட்ட ஒப்பாரிகள் என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொன்னார்கள். கேள்வி கேட்ட மாணவியின் அம்மம்மாவுக்கு அருவிவெட்டுப் பாட்டுகள் தெரியுமாம். அடுத்த ஞாயிறு கைத்தொலைபேசியில் பதிவு செய்யப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். பாடுபவரின் பெயரையும் ஊரையும் திகதியையும் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடும்படி சொல்லியனுப்பினோம்.