காந்தக் கருவிக்குத் தலை கொடுக்கும் முன்

மனநலம் குன்றியவர்களைக் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கவைப்பது திருச்சி வட்டாரத்தில் நெடுநாள் வழக்கம். அதே குடும்பங்கள் இன்று மருத்துவரிடமும் போகின்றன. அங்கே ‘டிஎம்எஸ்’ என்ற காந்தத் தூண்டல் சிகிச்சையின் பெயர் காதில் விழுந்தால், “கரண்ட் வைப்பாங்களா?” என்றுதான் முதலில் பதறுகிறார்கள்.

டிஎம்எஸ் என்பது மின்னதிர்ச்சி சிகிச்சை அல்ல. மின்னதிர்ச்சி சிகிச்சையில் மயக்க மருந்து கொடுத்து வலிப்பை வரவழைப்பார்கள். டிஎம்எஸ்ஸில் நோயாளி விழித்தே இருப்பார். தலையருகே வைத்த கம்பிச்சுருளின் காந்தத் துடிப்பு, மூளை நரம்புகளில் சிறு மின்னோட்டத்தை எழுப்பும். 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழு செய்துகாட்டியது இது. 2008-ல் அமெரிக்கா இதை மனச்சோர்வு சிகிச்சைக்கு அனுமதித்தது.

ஆய்வுக்கும் இது பயன்படுகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் மனச்சிதைவு நோயாளிகளின் மூளை தன் துடிப்பைத் தானே கட்டுப்படுத்தும் திறனை இதனால் அளந்திருக்கிறார்கள். கையை அசைக்கும் மூளைப்பகுதியில் மெல்லிய துடிப்பு ஒன்று, சில மில்லிநொடியில் வலுவானது இன்னொன்று தருவார்கள்; அப்போது விரல் துள்ளும். தடுப்பு நரம்புகள் சரியாக இயங்கினால் விரலின் துள்ளல் குறையும். குறையாவிட்டால் மூளையின் பிரேக் தளர்ந்திருக்கிறது என்று பொருள். நெற்றிப்புற மூளையைத் தூண்டி, கோப முகம், அச்ச முகம் காட்டி உணர்ச்சிகளை ஆராய்வதும் உண்டு. மனதில் உள்ளதை இந்தக் கருவி படிக்காது. ஆய்வில் உட்கார்ந்தால் நோய் தீரும் என்றும் யாரும் உறுதி தர முடியாது. “இது சிகிச்சையா, ஆய்வா?” என்று கேட்காமல் கையெழுத்திடாதீர்கள்.

சிகிச்சையிலும் ஆய்விலும் தலைவலி, தலைத்தோலில் வலி வரலாம். சத்தம் பலமாக இருப்பதால் காதடைப்பான் கேளுங்கள். மிக அரிதாக வலிப்பும் வரும். முன்பு வலிப்பு வந்ததையும், சாப்பிடும் மருந்துகளையும், குடிப்பழக்கத்தையும் மறைக்கக் கூடாது. தலைக்குள் உலோகக் கிளிப்போ காக்ளியர் கருவியோ இருந்தால் இது வேண்டாம். பேஸ்மேக்கரோடு வாழும் பெரியவர்கள் அதை முதல் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 99-ஆவது பிரிவின்படி, விளக்கம் பெற்ற, வற்புறுத்தலற்ற சம்மதம் இல்லாமல் மனநோயாளியைப் பொதுவாக ஆய்வில் சேர்க்கக் கூடாது. கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். மறுத்துவிட்டால் வழக்கமான சிகிச்சை நின்றுவிடும் என்று பயமுறுத்துவது தவறு. ஆய்வால் பாதிப்பு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் தர வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நெறிமுறைகள். சேவையில் குறை இருந்தால் மருத்துவமனைப் பொறுப்பு அதிகாரியிடம் புகார் கொடுங்கள்; பதில் திருப்தியில்லையென்றால் மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் போகலாம். இலவச சட்ட உதவியும் நோயாளியின் உரிமை.

சம்மதப் படிவம் தமிழில் இல்லையென்றால் தமிழில் கேளுங்கள். ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உண்டா என்றும் விசாரியுங்கள். மனநலம் குறித்துப் பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம்.