அரிசி விற்க இணையக் கடை: எந்த மென்பொருள் ஏற்றது?

இணையக் கடையின் மென்பொருளுக்கு நான்கு வேலைகள் உண்டு: சரக்கைக் காட்டுவது, வாங்குபவர் தேர்ந்தெடுத்ததை நினைவில் வைப்பது, பணம் பெறுவது, அனுப்பும் செலவைக் கணக்கிடுவது. சென்னையில் சேலை விற்பவருக்கும் கீழ்வேளூரில் மாப்பிள்ளைச் சம்பா விற்பவருக்கும் இவை பொது. எந்த வேலை சிக்கலானது என்பது சரக்குக்குச் சரக்கு மாறும். நெல் ஜெயராமன் போன்றவர்களின் உழைப்பால் காவிரிப் படுகையில் மீண்ட பாரம்பரிய அரிசி ரகங்களைப் பொறுத்தவரை, கடையின் லாபத்தைத் தீர்மானிப்பது பக்கத்தின் அழகு அல்ல, எடை.

கூடையின் நினைவு

இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்.டி.டி.பி. நெறிமுறைக்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு சொடுக்கையும் அது புதிய ஆளின் கோரிக்கையாகவே பார்க்கும். 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மான்டுலி உருவாக்கிய ‘குக்கி’ இதற்கு வழி செய்தது. கடையின் சர்வர் ஓர் அடையாள எண்ணை வாங்குபவரின் பிரவுசரில் விட்டுவைக்கும். கூடையில் போட்ட பொருள்களின் பட்டியல் அந்த எண்ணின் பெயரில் சர்வரில் இருக்கும்.

கூடைக்கு அடுத்தது இருப்புக் கணக்கு. கருப்புக் கவுனி ஒரே ஒரு பைதான் மிச்சம்; இருவர் ஒரே நேரத்தில் வாங்க முயல்கிறார்கள். பணம் வரும்வரை அந்தப் பையை முதலில் வந்தவருக்காக ஒதுக்கிவைக்க மென்பொருளுக்குத் தெரிய வேண்டும். பணம் வராவிட்டால் எத்தனை நிமிடத்தில் விடுவிப்பது என்பதைக் கடைக்காரரே குறிக்கும் வசதி வூகாமர்ஸ் என்ற கடை மென்பொருளில் உண்டு. ஆண்டுக்கு ஒரு போகம் விளையும் ரகத்தை விற்பவருக்கு இது அவசியமான வசதி.

பணம் வரும் வழி

அட்டை எண்ணைக் கடையின் தளம் தொடாமல், பணத்தை வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனத்தின் பக்கத்திலேயே பணம் செலுத்த வைப்பதுதான் சிறு கடைக்குப் பாதுகாப்பு. யு.பி.ஐ.யில் பணம் கட்டியவர் பிரவுசருக்குத் திரும்பாமலே போய்விடுவதுண்டு. அப்போதும் கேட்வேயின் சர்வர் நேரடியாகக் கடையின் சர்வருக்குத் தகவல் சொல்லும் ‘வெப்ஹுக்’ வசதி இருந்தால் ஆர்டர் தொலையாது. கேட்வே கட்டணம் 2 விழுக்காடு, அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. என்றால், 1,000 ரூபாய் விற்பனையில் 23 ரூபாய் 60 காசு போய்விடும். வெளி கேட்வேயைப் பயன்படுத்தினால் தமக்கென்று தனியாக ஒரு பங்கு பிடிக்கும் தளங்களும் உண்டு. இரண்டையும் கூட்டிப் பார்த்தபிறகே அரிசிக்கு விலை போட வேண்டும்.

எடைக் கணக்கு

கூரியர் நிறுவனங்கள் இரண்டு எடைகளைப் பார்க்கும். ஒன்று தராசு காட்டும் எடை. மற்றொன்று, பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5,000-ஆல் வகுத்து வரும் கன அளவு எடை. எது கூடுதலோ அதற்கே கட்டணம். 5 கிலோ அரிசிப் பை ஆறு, ஆறரை லிட்டர் இடம்தான் பிடிக்கும். கன அளவு எடை ஒன்றேகால் கிலோவுக்கு அருகில் வரும். ஆகவே அரிசிக்குத் தராசு எடையே கணக்கு. அதே கடையில் வற்றலும் விற்றால் நிலைமை தலைகீழ். 40, 30, 30 சென்டிமீட்டர் பெட்டியில் 2 கிலோ வற்றல் போனாலும் கட்டணம் 7.2 கிலோவுக்கு. எல்லா ஆர்டருக்கும் ஒரே கட்டணம் வைக்க மட்டுமே தெரிந்த மென்பொருள் இந்தக் கடையை நஷ்டத்தில் தள்ளிவிடும்.

வரியும் எடையைப் பொறுத்தது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொதிந்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு, அதற்கு மேற்பட்ட மூட்டைக்கு இல்லை. ஒரே ரகத்தின் இரண்டு அளவுகளுக்கு இரண்டு வரி வைக்க மென்பொருள் இடம்தர வேண்டும். நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, உணவுப் பாதுகாப்பு உரிம எண், குறைதீர் அலுவலரின் தொடர்பு விவரம் ஆகியவற்றைக் காட்டவும் இடம் தேவை.

தமிழில் தேடல்

‘கருப்பு கவுனி’, ‘கருப்புக்கவுனி’, ‘கறுப்புக் கவுனி’ என்று மூன்று விதமாகத் தட்டச்சு செய்வார்கள். ஆங்கில எழுத்தில் தேடுவோரும் உண்டு. எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்க்கும் தேடல், இருக்கும் சரக்கை இல்லை என்று சொல்லிவிடும். ஒவ்வொரு பொருளுக்கும் மாற்றுப் பெயர்களைச் சேர்க்க முடிகிறதா என்று பார்ப்பது நல்லது. ஆர்டர் தகவல் அனுப்பும் குறுஞ்செய்தியிலும் தமிழுக்குத் தனிக் கணக்கு உண்டு. ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழில் 70 குறியீடுகள்தான், அதிலும் உயிர்மெய் பலவற்றுக்கு இரண்டு குறியீடுகள். ஆர்டர் தகவலைத் தமிழில் அனுப்பினால் செலவு கூடும்.

வாடகையா, சொந்தமா?

ஷாப்பிஃபை, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் ஜோஹோ காமர்ஸ் போன்றவை வாடகைத் தளங்கள். கனடாவில் பனிச்சறுக்குப் பலகை விற்கத் தொடங்கியவர்கள் தங்கள் கடைக்கு எழுதிய மென்பொருளே 2006-இல் ஷாப்பிஃபை ஆனது. வாடகைத் தளங்களில் பாதுகாப்பும் பராமரிப்பும் நிறுவனத்தின் பொறுப்பு. வாடகை நின்றால் கடையும் நிற்கும்.

2011-இல் வந்த வூகாமர்ஸ், வேர்ட்பிரஸுடன் இயங்கும் திறமூல மென்பொருள். மென்பொருள் இலவசம், ஹோஸ்டிங், பேக்கப், புதுப்பிப்பு எல்லாம் கடைக்காரர் பாடு. புதுப்பிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மஜென்டோ என்ற இன்னொரு கடை மென்பொருள் உதாரணம். அதன் முதல் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜூனில் முடிந்தது. அந்த செப்டம்பரில், ஒரே வார இறுதியில், பெரும்பாலும் அந்தப் பழைய பதிப்பிலேயே இயங்கிய சுமார் 2,000 கடைகளில் அட்டை விவரங்களைத் திருடும் நிரல் புகுத்தப்பட்டது.

தளத்தைக் கவனிக்கத் தனியாக ஆள் இல்லாத கடைக்கு வாடகைத் தளமே பொருத்தம். விற்பனை வளர்ந்து, மாதக் கட்டணமும் பங்குத் தொகையும் ஒரு பராமரிப்பாளரின் செலவைத் தாண்டும்போது சொந்தத் தளத்துக்கு மாறலாம். அதற்காகக் கடை தொடங்கும் முதல் நாளிலேயே இரண்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: டொமைன் பெயர் கடைக்காரரின் பெயரிலேயே பதிவாகியிருக்க வேண்டும், பொருள், வாடிக்கையாளர், ஆர்டர் பட்டியல்களைக் கோப்பாக வெளியே எடுக்க வழி இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத மென்பொருளை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், தவிர்ப்பதே நல்லது.