பெருந்தொற்றுக்கால மாலத்தீவில் விருந்தினர் இல்லங்களின் தகவமைப்பு

நெருக்கடியிலிருந்து மீண்ட சிறுதீவுச் சுற்றுலாவுக்கு மாலத்தீவைச் சான்றுகாட்டுவது வழக்கமாகிவிட்டது. எண்களும் அதற்கு இடந்தருகின்றன. 2019-இல் 17 இலட்சமாக இருந்த பயணியர் வருகை 2020-இல் ஏறத்தாழ 5.55 இலட்சமாகச் சரிந்து, 2021-இல் 13 இலட்சத்தைக் கடந்தது. ஆயினும் அம்மீட்சி யாருக்கு முதலில் வாய்த்தது என்பதை இவ்வெண்கள் உணர்த்துவதில்லை.

1972-இல் தொடங்கிய மாலத்தீவுச் சுற்றுலா ‘ஒரு தீவு, ஒரு விடுதி’ என்னும் முறையில் வளர்ந்தது. மக்கள் வாழாத தீவுகள் விடுதிகளுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. அயல்நாட்டுப் பயணியரின் பழக்கவழக்கங்கள் உள்ளூர் இசுலாமியச் சமூகத்தோடு கலவாதிருப்பதற்கும் இம்முறை உதவியது. குடியிருப்புத் தீவுகளில் விருந்தினர் இல்லம் நடத்தும் வாய்ப்பு 2008-ஆம் ஆண்டு ஆட்சி மாற்றத்துக்குப் பின்னரே பரவலாயிற்று. சிறைச்சாலையால் அறியப்பட்டிருந்த மாஃபுஷி, பயணியர் நாடும் தீவாக மாறியது அதன்பின்னர்தான்.

2020 மார்ச் இறுதியில் மூடப்பட்ட எல்லை ஜூலை 15-இல் திறக்கப்பட்டது. விடுதித் தீவுகள் உடனே பயணியரை ஏற்றன. விருந்தினர் இல்லங்கள் அக்டோபர் 15 வரை காத்திருக்க நேர்ந்தது. கடலே வேலியாக அமைந்த விடுதியில் நோய்த்தொற்றைக் கட்டுப்படுத்துவது எளிது. மசூதியும் பள்ளியும் கடைத்தெருவும் உள்ள ஊரில் அது எளிதன்று. எனவே அரசின் முடிவு சுகாதார நோக்கில் ஏற்கத்தக்கதே. ஆனால் சமூகத்திலிருந்து விலகியிருந்ததே விடுதிக்கு வலிமையாகவும், சமூகத்தோடு இணைந்திருந்ததே இல்லத்துக்கு இடராகவும் முடிந்தது. தங்கும் நாள் முழுவதையும் ஒரே இடத்தில் கழிக்கவேண்டும் என்ற தொடக்கக்கால விதியும், தீவுக்குத் தீவு மாறித் தங்கும் சிக்கனப் பயணியரை நம்பிய இல்லங்களுக்குப் பாதகமானது.

இடைப்பட்ட காலத்தில் வருவாய் இழந்தோருக்கு மாதம் 5,000 ருஃபியா வரை அரசு உதவித்தொகை வழங்கியது. சிலர் சூரை மீன்பிடிப்புக்கும் தோட்டப்பயிருக்கும் திரும்பினர். இத்திரும்புதலை ‘மீள்திறன்’ எனப் போற்றுவது அவசர முடிவாகும். தூண்டிற்கழி மீன்பிடிப்பு பெரிதும் ஆண்களின் தொழில். இல்லங்களின் சமையலிலும் துப்புரவிலும் ஊதியம் பெற்ற பெண்களுக்கு அது மாற்றாக அமையாது. கட்டடத்துக்காகக் கடன் பெற்ற குடும்பத்துக்கோ, உணவுக்கு மீன் கிடைப்பது வேறு, தவணைக்குப் பணம் கிடைப்பது வேறு.