வீடு அரங்கமான கதை

தன்வரலாறு எழுதுவோர், பிறர் அறியாத தமது இளமையை உலகறியச் செய்வதற்கே பெரும்பாலும் எழுதுகின்றனர். 2025ஆம் ஆண்டு ஜனவரியில் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான ‘தி ஹவுஸ் ஒவ் மை மதர்’ என்னும் நூலின் ஆசிரியை ஷாரி பிராங்கியின் நிலை வேறு. அவரது இளமையை இலட்சக்கணக்கானோர் முன்னரே பார்த்துவிட்டனர். தாங்கள் பார்த்தது எதுவென்பதை அவர்களுக்கு விளக்குவதற்காகவே ‘என் அன்னையின் இல்லம்’ என்று பொருள்படும் இந்நூல் எழுந்தது.

யூட்டா மாநிலத்தில் வாழ்ந்த இவரது தாய் ரூபி பிராங்கி, தம் குடும்ப வாழ்வை நாள்தோறும் கமராவிற் பதிந்து யூரியூப் தளத்தில் வெளியிடும் தொழிலை 2015இல் ஆரம்பித்தார். பெற்றோர் இருவர், பிள்ளைகள் அறுவர். ஆதலின் ‘எட்டுப் பயணிகள்’ என்று பெயர். ஏறத்தாழ 25 இலட்சம் பேர் தொடர்ந்து பார்த்தனர். பார்வையாளர் பெருகப் பெருக விளம்பர வருமானமும் பெருகிற்று. உணவறையும் படுக்கையறையும் தொழிற்கூடமாயின, பிள்ளைகள் தொழிலாளராயினர்.

நேயர்களே, இங்கே கொடுமை மறைவாக மட்டும் நடக்கவில்லை என்பதுதான் நம்மைத் திடுக்கிட வைப்பது. ஆறு வயது மகள் பாடசாலைக்கு மதிய உணவு எடுத்துவரவில்லை என்று ஆசிரியை தாய்க்கு அறிவித்தார். தாயோ கொண்டுபோய்க் கொடுக்க மறுத்தார்; பிறர் எவரும் உணவளிக்கமாட்டார்கள் என்று நம்புவதாகவும் கூறினார். இதனைக் கமராவின் முன்னே, நற்பயிற்சியொன்றைக் கற்பிப்பவர் போலவே சொன்னார். பசித்த பிள்ளை வகுப்பில் எப்படி அமர்ந்திருக்கும் என்பதை என்போன்ற ஆசிரியருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 2020இல் மூத்த மகன், தண்டனையாகத் தன் படுக்கை பறிக்கப்பட்டு ஏழு மாதம் வேறோர் இருக்கையில் உறங்கியதைப் படத்திலேயே கூறினான். பார்த்தோர் முறையிட்டனர், அதிகாரிகள் விசாரித்தனர், வழக்கு எழவில்லை.

பின்னர், ஜோடி ஹில்டெபிராண்ட் என்ற மனநல ஆலோசகர் அக்குடும்பத்தில் மேலாதிக்கம் பெற்றார். 2023 ஆகஸ்ட் 30ஆம் நாள், 12 வயதான இளைய மகன் அவருடைய வீட்டுச் சாளரம் வழியே தப்பி, அயல்வீட்டுக் கதவைத் தட்டி உணவும் நீரும் கேட்டான். அவன் மெலிந்திருந்தான், கட்டப்பட்ட காயங்கள் உடலில் இருந்தன. பெண்கள் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். 2024 பெப்ரவரியில் ஒவ்வொருவருக்கும், 1 முதல் 15 ஆண்டு வரையான நான்கு தண்டனைகள் ஒன்றன்பின் ஒன்றாக விதிக்கப்பட்டன. அம்மாநிலச் சட்டப்படி மொத்தம் 30 ஆண்டுகளுக்கு மேற்படாது.

கொடிய தாயொருத்தியின் கதையென்று இதனை ஒதுக்கிவிடலாம். ஷாரி அதற்கு இடங்கொடுக்கவில்லை. 2024 அக்டோபரில் யூட்டா சட்டமன்றக் குழுவின் முன் சாட்சியமளித்தபோது, தம்மைக் குற்றவாளியின் மகளாகவன்றி, இத்தொழிலுக்குப் பலியானவராகவே கருதுமாறு வேண்டினார். புருவமயிர் தவறுதலாக நீங்கியதற்காக அழுத கன்னிப்பருவத்துக் கண்ணீரையும் உலகம் பார்த்ததென்றார். வெட்கந்தரும் காட்சிக்கு இணங்கும் பிள்ளைக்கு நூறு டொலரோ கடைத்தெருப் பயணமோ ஆசைகாட்டப்படுவதையும் சொன்னார். முதலாளியே அன்னையாக இருக்கும்போது பிள்ளையின் சம்மதத்துக்கு என்ன பொருள் உண்டு? மறுத்தால் இழக்கவேண்டியது கூலியையன்று, தாயின் முகமலர்ச்சியை!

குழந்தை உழைப்பின் ஊதியம் பற்றிய கவலை புதிதன்று. சாப்ளினின் 1921ஆம் ஆண்டுப் படத்தில் நடித்த ஜாக்கி கூகன் வளர்ந்தபின், தான் ஈட்டிய பொருள் பெற்றோரால் செலவிடப்பட்டதை அறிந்து வழக்காடினார். 1939இல் கலிபோர்னியா சட்டமியற்றியது. ஆனால் அது திரைப்படக் கூடத்துக்கு உரியது. வீட்டுக் கூடத்துக்கு எட்டவில்லை. இல்லினோய் மாநிலத்தில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டமே இவ்வகைப் பிள்ளைகளுக்கு அமெரிக்காவில் முதலில் பங்கு வழங்கிற்று. யூட்டாவின் சட்டம் 2025 மார்ச்சில் ஒப்பமிடப்பட்டது. அதன்படி, இத்தொழிலால் பெரும் வருமானம் பெறுவோர் அதில் 15 சதவீதத்தைப் பிள்ளைக்கென வைப்பிலிட வேண்டும். வயது வந்தபின் தன் படங்களை நீக்கக் கோரவும் பிள்ளைக்கு உரிமையுண்டு. பிள்ளைகளின் தந்தையும் அதனை ஆதரித்துப் பேசினார்.

பணத்தைவிட அந்த நீக்கும் உரிமையே பெரிதென்பது என் எண்ணம். எனினும் பதினெட்டு வயது வரை காத்திருக்க வேண்டுமே! அதற்குள் பிரதி எடுத்தவர் எத்தனை பேரோ?

ஷாரி, 2024 டிசம்பரில் தமது திருமண நிச்சயத்தை அறிவித்தார். தம் வாழ்வு பற்றிய கடைசிச் செய்தி அதுவேயென்றும், கணவரையோ பிறக்கப்போகும் பிள்ளைகளையோ இனி எவருக்கும் காட்டப்போவதில்லையென்றும் அதனுடன் எழுதினார்.