தனிக் கலவையா, பொதுக் கலவையா?

மனித உடம்புகள் ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதில்லை என்பதும், ஆகையால் ஒருவருக்கு உகந்த மருந்தும் பத்தியமும் இன்னொருவருக்கும் உகந்தவையாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்பதும் நம் வைத்திய மரபு நெடுங்காலமாகச் சொல்லிவரும் செய்தி. நாடி பிடித்து, தேகவாகு அறிந்து, ஆளுக்குத் தக்கபடி அளவைக் கூட்டியும் குறைத்தும் கொடுப்பவரே கைராசியுள்ள வைத்தியர் என்று எண்ணிப் பழகிய நமக்கு, மூன்று மாதம் முந்திப் பிறந்துவிட்ட 800 கிராம் எடையுள்ள ஒரு சிசுவுக்கு, முன்கூட்டியே ஒரே மாதிரியாகச் செய்து அடுக்கிவைத்த பைகளில் ஒன்றை எடுத்து மாட்டுவதைக் காட்டிலும், அதன் அன்றைய இரத்தப் பரிசோதனையைப் பார்த்து அதற்கென்றே பிரத்தியேகமாகக் கலந்த சத்துநீரை ஏற்றுவதே மேலான சிகிச்சை என்று தோன்றுவது இயல்பே. ஆயினும் 2018-இல் ஐரோப்பியக் குழந்தை மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறையும், 2020-இல் பிரிட்டனின் ‘நைஸ்’ நிறுவனம் வெளியிட்ட நெறிமுறையும், இந்த எண்ணத்துக்கு நேர்மாறாக, பெரும்பாலான குறைமாதக் குழந்தைகளுக்குப் பொதுக் கலவையையே கொடுக்க வேண்டும் என்று கூறுகின்றன. நிபுணர்கள் இந்த முடிவுக்கு வந்து சேர்ந்த வழி, விஞ்ஞானம் எவ்வாறு தன் சொந்த ஆசைகளையே பரிசோதித்துப் பார்க்கிறது என்பதற்கு நல்ல உதாரணம்.

கர்ப்பத்தில் இருக்கும் சிசு உண்பதில்லை. நஞ்சுக்கொடியின் மூலம் குளுகோஸும் அமினோ அமிலங்களும், சுண்ணாம்பு, பாஸ்பரஸ் முதலிய சத்துக்களும் இரவு பகல் என்ற பேதமின்றி அதன் இரத்தத்தில் வந்து சேர்ந்துகொண்டே இருக்கின்றன. 40 வாரம் நடந்திருக்க வேண்டிய இந்தப் போஷணை, 26 அல்லது 27-ஆவது வாரத்திலேயே பிரசவம் நேர்ந்துவிட்டால், கொப்பூழ்க்கொடி அறுபட்ட கணத்தில் நின்றுவிடுகிறது. எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்பிலும் தோலடிக் கொழுப்பிலும் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில்தான் சேர்வதால், முந்திப் பிறந்த சிசு கையிருப்பு என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லாமலே உலகுக்கு வருகிறது. நிறைமாதக் குழந்தை உணவின்றி ஏறத்தாழ ஒரு மாதம் தாக்குப்பிடிக்கும் சக்தியைத் தேகத்தில் வைத்திருக்கிறதென்றால், ஒரு கிலோ எடையுள்ள குறைமாதச் சிசுவின் சேமிப்பு நான்கைந்து நாளுக்கே போதும் என்று 1970-களில் அமெரிக்க வைத்தியர்கள் கணக்கிட்டார்கள். புரதம் சிறிதுமின்றிக் குளுகோஸ் நீரை மட்டும் ஏற்றிவந்தால், மிகச் சிறிய சிசு தன் உடற்புரதத்தில் நாள்தோறும் நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு வரை கரைத்து இழக்கிறது. தாய்ப்பாலை வாயில் கொடுப்போமென்றால், உறிஞ்சுவதும் விழுங்குவதும் மூச்சுவிடுவதும் ஒன்றோடொன்று இசைந்து நடக்கும் பக்குவம் 34-ஆவது வாரத்தை ஒட்டித்தான் வருகிறது. குழாய் வழியாக வயிற்றில் விடும் பாலையும், முதிராத குடல் தாங்கும் அளவறிந்து, சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டியிருக்கிறது. அதுவரை சிரைவழிப் போஷணையே அதற்கு ஆதாரம்.

இந்த முறை கைகூடியதே அண்மைக் காலத்தில்தான். ஸ்வீடன் நாட்டின் ஆர்விட் ரெட்லிண்ட், சோயா எண்ணெயை நுண்துளிகளாக்கி இரத்தம் ஏற்கும் பால்மமாகச் செய்து, 1962-இல் அந்நாட்டு வைத்தியர்களின் கையில் கொடுத்தார். அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி டட்ரிக்கும் அவருடைய சகாக்களும், பீகிள் இனத்து நாய்க்குட்டிகளை வாய்வழி உணவே இன்றிச் சிரை வழியாக மட்டும் ஊட்டி, வாயால் உண்ட உடன்பிறந்த குட்டிகளுக்குக் குறையாமல் வளர்த்துக் காட்டினார்கள். 1967-இல், சிறுகுடலின் பெரும்பகுதி இன்றிப் பிறந்து நாளுக்கு நாள் மெலிந்துவந்த ஒரு பெண் குழந்தைக்கு, பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் டக்ளஸ் வில்மோரும் டட்ரிக்கும் அதே முறையைப் பிரயோகித்தபோது, அது எடை கூடியது, தலை வளர்ந்தது. அடுத்த ஆண்டு அவர்கள் எழுதிய கட்டுரை ஒரு புதிய சிகிச்சைத் துறைக்கே அடிக்கல்லாயிற்று.

ஒரு நாளின் கணக்கு

அந்நாள் முதலாக, ஒவ்வொரு சிசுவுக்கும் ஒவ்வொரு நாளும் தனித்தனியே கணக்கிட்டு எழுதுவதே இத்துறையின் சிறந்த கலை என்று கருதப்பட்டது. அந்தக் கணக்கு எத்தகையது என்பதை அருகில் சென்று பார்ப்பது நல்லது. 800 கிராம் எடையுள்ள சிசுவுக்கு முதல் நாளில் கிலோவுக்கு 80 மில்லி வீதம் நீர் அனுமதிக்கலாமென்று வைத்துக்கொண்டால், 24 மணி நேரத்துக்குக் கிடைப்பது 64 மில்லி. தமனியில் உள்ள குழாய் அடைபடாமலிருக்க ஓடும் உப்புநீரும் மருந்துகளும் 15 மில்லியை எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது 49. அதிலும் கொழுப்புப் பால்மத்துக்கு 4 மில்லியை ஒதுக்கிவிட, எஞ்சிய 45 மில்லிக்குள் ஏறத்தாழ 7 கிராம் குளுகோஸும், குறைந்தது 1.2 கிராம் அமினோ அமிலமும், உப்புக்களும், வைட்டமின்களும், துத்தநாகம் முதலிய நுண்தாதுக்களும் அடங்க வேண்டும். அப்போது குளுகோஸின் அடர்த்தி நூற்றுக்குப் பதினைந்தைத் தாண்டிவிடுகிறது. பன்னிரண்டரையைத் தாண்டினாலே கைகால்களின் மெல்லிய சிரைகள் புண்ணாகிவிடும் என்பதால், கொப்பூழ்ச் சிரை வழியாக இருதயத்தின் அருகே செல்லும் குழாயைப் போட வேண்டியிருக்கிறது.

இவ்வளவையும் ஒரே நீரில் சேர்ப்பதும் எளிதன்று. சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் எலும்புக்கு ஒருங்கே வேண்டியவை. ஆனால் அளவோ வரிசையோ பிசகி அவை நீரில் சந்தித்தால், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் படிகமாகத் திரண்டுவிடுகின்றன. அவ்வாறு திரண்ட துகள்கள் நுரையீரலின் நுண்குழாய்களை அடைத்து நோயாளிகள் இறந்தமையால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 1994-இல் நாடெங்கும் எச்சரிக்கை விடுத்தது. 2006-இல் நெவாடா மாநிலத்தில், மைக்ரோகிராமில் எழுதியிருந்த துத்தநாக அளவு கலவை இயந்திரத்தில் மில்லிகிராமாகப் பதிவாகி, வேண்டியதைப் போல் ஆயிரம் மடங்கு சேர்ந்துவிட்டதால் ஒரு குறைமாதச் சிசு உயிரிழந்தது. நாள்தோறும் புதிதாகக் கணக்கிட்டு, புதிதாக எழுதி, புதிதாகக் கலக்கும் முறையில், தவறு நுழைவதற்கான வாசல்களும் நாள்தோறும் புதிதாகத் திறக்கின்றன என்பதே இதன் பொருள்.

அபாயங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், தனிக் கலவை தன் வாக்குறுதியைக் காப்பாற்றியதா என்ற கேள்வி நிற்கிறது. விடியற்காலையில் எடுத்த இரத்தத்தின் முடிவைக் காலையில் பார்த்து வைத்தியர் எழுத, மருந்துக் கூடத்தார் சரிபார்த்துப் பிற்பகலில் கலக்க, மாலையில் பை வந்து பம்பில் ஏறும்போது, அது விடியற்காலையில் இருந்த சிசுவுக்குப் பொருந்தும் உணவாக இருக்கிறதேயன்றி, இதற்குள் சோடியமும் சர்க்கரையும் மாறிவிட்ட இப்போதைய சிசுவுக்குப் பொருந்துவதாக இருப்பதில்லை. நள்ளிரவிலோ விடுமுறை நாளிலோ பிறந்த சிசுவின் கதி இன்னும் மோசம். மருந்துக் கூடம் திறக்கும்வரை அதற்கு வெறும் குளுகோஸ் நீரே கிடைத்துவந்தது. தனித்தனியே எழுதுகிற வைத்தியர்களும் அச்சத்தின் காரணமாகப் புரதத்தைக் குறைவாகத் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டிவந்தார்கள். 2001-இல் இங்கிலாந்தின் நிகோலஸ் எம்பிள்டன் குழுவினர் கணக்கெடுத்தபோது, 30 வாரம் வரையில் பிறந்த சிசுக்கள் முதல் வார முடிவிலேயே, உடல் எடையில் கிலோவுக்கு 14 கிராம் புரதமும் 400 கலோரிக்கு மேலும் பற்றாக்குறைப்பட்டிருந்தமை தெரியவந்தது.

பொதுப் பையின் தகுதி

பொதுக் கலவையின் முதற்பெருமை, அது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது என்பதே. ஒரே அளவில் பெருந்தொகையாகத் தயாரிப்பதால், கிருமி இல்லையென்று சோதித்தறிந்த பின்பே வெளியே அனுப்ப முடிகிறது. அன்றன்று கலந்து அன்றன்றே ஏற்றும் பைக்கு அந்த அவகாசம் இல்லை. 2014-இல் இங்கிலாந்தில், ஒரே நாளில் கலந்து அனுப்பிய சிரையுணவுப் பைகளில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமி கலந்திருந்ததால், பல மருத்துவமனைகளில் குறைமாதச் சிசுக்கள் நோயுற்றுச் சில இறந்தும் போன சம்பவத்துக்குப் பின் இந்த வேற்றுமை வெறும் ஏட்டு விஷயமாக இல்லை.

ஆஸ்திரேலியாவில் 2010-இல் தொடங்கி, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து நிபுணர்கள் கூடிப் பேசி, மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபட்டிருந்த கலவைகளை விலக்கி, பிறந்தவுடன் கொடுக்கும் தொடக்கக் கலவை, அதன்பின் குறைமாதச் சிசுவுக்கான பொதுக் கலவை, சோடியம் மிகுந்த கலவை என்று சிலவற்றை மட்டும் வகுத்துக்கொண்டார்கள். சிட்னியில் ஸ்ரீனிவாஸ் பொலிசெட்டி முதலியோர் முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2014-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சிரையுணவு தொடங்கும் நேரம் பிறந்த 11-ஆவது மணியிலிருந்து 6-ஆவது மணிக்கு முந்தியது; முதல் வாரத்தில் கிடைத்த புரதமும் அதிகரித்தது. அதே ஆண்டில் லிவர்பூலின் கோலின் மார்கன் குழுவினர், 29 வாரத்துக்கு முன் 1,200 கிராமுக்குக் குறைந்த எடையோடு பிறந்த சிசுக்களுக்கு, குறைந்த நீரில் நிறைந்த சத்தைச் செறித்த பொதுக் கலவையைக் கொடுத்து, சத்துக் குறைந்த மற்றொரு பொதுக் கலவையோடு ஒப்பிட்டபோது, 28 நாளில் தலையின் சுற்றளவு செறிந்த கலவை பெற்றவற்றுக்கே மிகுதியாக வளர்ந்திருந்தது. பொதுப் பை என்பதால் மட்டும் நன்மை வந்துவிடுவதில்லை, அதனுள் என்ன இருக்கிறது என்பதே முக்கியம் என்பதும் இதனால் விளங்கும்.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் மறைப்பதற்கில்லை. தனிக் கலவையில் நேரும் பிழை ஒரு சிசுவைத் தாக்குகிறது. பொதுக் கலவையின் வடிவமைப்பிலேயே பிழையிருந்தால் அதைப் பெறும் சிசுக்கள் எல்லாவற்றையும் தாக்கும். குறைமாதச் சிசுக்களுக்கென்றே ஐரோப்பாவில் விற்பனையான ‘நியூமெட்டா ஜி13%இ’ என்ற மூவறைப் பையில் மக்னீசியம் சற்று மிகுந்திருந்ததால், இரத்தத்தில் அது ஏறுவது கண்டு, 2013-இல் அதன் பிரயோகத்தை நிறுத்திவைத்தார்கள். மேலும், பொதுப் பையில் எல்லாச் சத்துக்களும் ஒரே ஓட்டத்தில் பிணைந்திருக்கின்றன: இரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டதே என்று பம்பின் வேகத்தைக் குறைத்தால் புரதமும் கூடவே குறைந்துவிடும். தாராளமாகப் புரதம் பெற்ற சிசுவின் உயிரணுக்கள் வளர்ச்சிக்காகப் பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் இரத்தத்திலிருந்து விரைந்து இழுத்துக்கொள்வதால், அவ்விரண்டையும் அதற்கு ஈடாகக் கூட்ட வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. குடலின் பெரும்பகுதியை இழந்து மாதக்கணக்கில் சிரையுணவையே நம்பியிருக்கும் குழந்தைக்கும், நீரும் உப்பும் அளவுமீறி வெளியேறும் குழந்தைக்கும், தனிக் கலவையே தகும் என்று அந்த 2018 நெறிமுறையும் ஒப்புக்கொள்கிறது.

மிகுதியே நன்மை என்ற கொள்கையும் பரிசோதனைக்கு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் 1,000 கிராமுக்குக் குறைந்த சிசுக்களுக்கு, வழக்கமான உணவோடு முதல் ஐந்து நாளும் நாளொன்றுக்கு ஒரு கிராம் அமினோ அமிலம் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்த ‘புரோவைட்’ ஆய்வு, இரண்டு வயதில் ஊனமின்றிப் பிழைத்த குழந்தைகளின் தொகை அதனால் கூடவில்லை என்று 2022-இல் தெரிவித்தது. எவ்வளவு கொடுப்பது என்பது இன்னும் ஆராய்ச்சிக்குரிய விஷயம். எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு தவறின்றிக் கொடுப்பது என்பதில்தான் பொதுக் கலவை தன் தகுதியைக் காட்டியிருக்கிறது.

ஆகவே தனிக் கவனம் வேறு, தனிக் கலவை வேறு என்று பிரித்தறிவதே இவ்விவாதத்தின் பயன். எந்தப் பையை எப்போது தொடங்குவது, எந்த வேகத்தில் ஓட்டுவது, எந்த நாளில் பால் கூடியது கண்டு சிரையுணவைக் குறைப்பது, எந்தச் சிசு பொதுவிதிக்கு அடங்காதது என்று கண்டுகொள்வது ஆகிய அனைத்தும் அந்தந்தச் சிசுவைப் பார்த்தே செய்ய வேண்டிய காரியங்கள்; இவற்றைப் பை செய்துவிடாது. பத்துச் சிசுக்களுக்குப் பத்துக் கலவை எழுதிக் களைத்துப்போகும் வைத்தியரும் மருந்துக் கூடத்தாரும், ஒன்பதுக்குப் பொதுப் பையை நம்பிக் கொடுத்துவிட்டால், உண்மையிலேயே தனிக் கலவை தேவைப்படும் பத்தாவது சிசுவின் கணக்கை இருமுறை சரிபார்க்க அவர்களுக்கு நேரம் கிடைக்கும்.